வெம்மிக்கின் மோதிரங்கள்: இரங்கல் அணிகலன்களும் அவற்றைச் சேகரிப்போரும்

புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களைப் பயின்ற ஒருவர், இறந்தவரை நினைந்து புதிதாக ஓர் அணிகலன் செய்வித்து அணிந்துகொள்ளும் வழக்கத்தை முதன்முறையாக அறியும்போது சற்றே திகைப்பது இயல்பு. கரிகாற் பெருவளத்தான் மறைந்தபின் கருங்குழலாதனார் பாடிய 224ஆம் பாடலில் அரசனின் உரிமை மகளிர் இழை களைந்து நிற்கின்றனர்; கோடையில் ஆயர் தழை கழித்த வேங்கை மரம் அந்நிலைக்கு உவமையாகிறது. தாயங்கண்ணியாரின் 250ஆம் பாடலில் கணவனை இழந்தவள் கூந்தலையும் வளையையும் ஒருசேரத் துறந்து அல்லி உணவினளாகிறாள். ஆவூர் மூலங்கிழாரின் 261ஆம் பாடலில் தலைவனை இழந்த இல்லமே, தலை மழித்து அணி நீங்கிய பெண்ணைப் போலக் காட்சி தருகிறது. இவற்றிலெல்லாம் துயரம் என்பது உடலிலிருந்து ஒன்று கழிவது. இங்கிலாந்தில், சிறப்பாகப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில், துயரம் என்பது உடலின்மேல் ஒன்று ஏறுவது. இறந்தவரின் தலைமயிரே பின்னப்பட்டுப் பொன்னில் பதிக்கப்பட்டு, இருப்பவரின் விரலிலும் கழுத்திலும் அணியாயிற்று.

ஒப்பியல் என்ற பெயரில் எழுதப்படும் கட்டுரைகள் பல இவ்விடத்தில் ‘அங்கே அணிதல், இங்கே களைதல்’ என்று இரு பத்தி வரைந்து நிறைவடைந்துவிடும். அவ்வேறுபாடு உண்மையே, ஆயினும் அது தொடக்கமேயன்றி முடிவன்று. அணியப்பட்ட அப்பொருள்கள் அணிந்தவரும் மறைந்தபின் என்னாயின என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள். அவை இன்று பழம்பொருள் அங்காடிகளிலும் ஏலங்களிலும் விலைபோகின்றன. அவற்றைத் தேடித் தொகுப்போர் ஒரு தனிக் குழுவினராகவே வளர்ந்துள்ளனர். அவர்கள் தொகுப்பது எதனை? பொன்னையா, மயிரையா, பிறருடைய துயரத்தையா? இவ்வினாவிற்கு மூன்று ஆங்கில நாவல்கள், இத்தகைய சேகரிப்பு பெருவழக்காகும் முன்னரே, விடைகளை வைத்துள்ளன. அவற்றுள் ஒன்றின் விடை இதுகாறும் உரிய கவனம் பெறவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பொருளின் வரலாறு

இறப்பின்போது மோதிரம் வழங்கும் வழக்கம் விக்டோரியா காலத்துக்கு மிக முந்தியது. 1616இல் ஷேக்ஸ்பியர் எழுதிய உயிலில், தம் நாடகத் தோழர்களான ஹெமிங்ஸ், பர்பேஜ், கான்டெல் ஆகிய மூவர்க்கும் மோதிரம் வாங்கிக்கொள்ளத் தலைக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் ஒதுக்கியுள்ளார். 1703இல் மறைந்த நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸின் இறுதிச் சடங்கில் நூற்றுக்கும் மேற்பட்ட மோதிரங்கள் வழங்கப்பெற்றன. பெறுவோரின் தகுதிக்கேற்ப அவற்றின் விலையும் வேறுபட்டது. 1649இல் முதலாம் சார்ல்ஸ் மன்னன் தலை வெட்டுண்டபின், அவன்பால் பற்றுடையோர் அவனுடைய உருவமோ மயிரோ பொதிந்த சிறு நகைகளை மறைவாக அணிந்தனர். அங்கு இரங்கல் அரசியலாகவும் அமைந்தது.

பதினேழாம் நூற்றாண்டு நகைகளில் மண்டையோடும் எலும்புக்கூடும் சவப்பெட்டியும் காணப்படுகின்றன. நீயும் இறப்பாய் என அணிந்தவரை எச்சரிப்பனவாக அவை இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சின்னங்கள் மறைந்து, கல்லறைத் தாழியும், அதனருகே சாய்ந்து அழும் பெண்ணும், தாழ்ந்த கிளைகளையுடைய வில்லோ மரமும் தந்தத்தின்மீது தீட்டப்பட்டன. சிலபோது மயிரையே பொடித்து வண்ணத்தோடு கலந்து அவ்வோவியங்களைத் தீட்டியதும் உண்டு. தன் சாவை நினைந்த அணி, பிறர் சாவிற்கு அழும் அணியாயிற்று எனலாம். மோதிர வளையத்தில் எனாமலால் பெயர், அகவை, இறந்த நாள் ஆகியன எழுதப்பட்டன. கருநிற எனாமல் பொதுவழக்கு. வெண்ணிறம் மணமாகாதோர்க்கும் குழந்தைகளுக்கும் உரியது. 1738ஆம் ஆண்டின் சட்டம், மணி பதித்த நகைகளுக்குப் பொதுவாக முத்திரையிலிருந்து விலக்களித்தபோதிலும், இரங்கல் மோதிரங்களுக்கு அவ்விலக்கை அளிக்கவில்லை. வரி அலுவலரும் பொன் மதிப்பாளரும் கருதிச் செய்த இவ்வேற்பாடு பிற்காலச் சேகரிப்பாளர்க்குப் பெருந்துணையாயிற்று. முத்திரையைக் கொண்டே பல மோதிரங்களின் காலம் இன்று கணிக்கப்படுகிறது.

1861 டிசம்பர் 14ஆம் நாள் ஆல்பர்ட் இளவரசர் இறந்தபின், விக்டோரியா அரசி 1901இல் தாம் மறையும்வரை கருப்பு உடையிலேயே வாழ்ந்தார். அரண்மனையின் துயரம் நாட்டின் நாகரிகமாக மாறியது. யார்க்ஷயர்க் கடற்கரையிலுள்ள விட்பி என்னும் சிற்றூரில் கிடைத்த ஜெட் என்னும் கரும்பொருள் இதனாற் பெருவிலை பெற்றது. ஜெட் கல்லன்று, ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் புதைந்து இறுகிய மரம். 1830களின் தொடக்கத்தில் சில பத்துப் பேருக்கே வாழ்வளித்த அத்தொழில், 1870களின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாங்கியது. கைம்பெண் தொடக்க மாதங்களில் பளபளப்பில்லாத ஜெட்டை அணிவதும், காலம் செல்லச்செல்ல மெருகேற்றியதை அணிவதும் முறையாயின. துயரத்தின் அளவை ஒளியின் அளவால் காட்டிய இவ்வொழுங்கு வியப்புக்குரியது. அவ்வளவு விலை கொடுக்க இயலாதோர்க்குக் கருங்கண்ணாடியும், அயர்லாந்துச் சதுப்பு நிலத்துக் கருவாலிக் கட்டையும், கந்தகமிட்டு இறுக்கிய ரப்பராகிய வல்கனைட்டும் பயன்பட்டன.

இவற்றைப் பிரித்தறிவதில் சேகரிப்போர் அடைந்துள்ள தேர்ச்சி பாராட்டத்தக்கது. மெருகிடாத பீங்கானில் உரசினால் ஜெட் பழுப்புக் கோடு இடும். கருங்கண்ணாடி கைக்குக் குளிரும், ஜெட் குளிராது. வல்கனைட் வெயில் பட்டுப் பழுப்பேறும். தேய்த்தால் கந்தகம் நாறும். மலாய் நாட்டு மரப்பாலாகிய கட்டாபெர்ச்சாவின் பெயரால் விற்கப்படும் நகைகளுட் பெரும்பாலானவை வல்கனைட்டே என்பதையும் அவர்களே வெளிப்படுத்தினர். இத்துறையில் அருங்காட்சியகங்களும் தனியார் தொகுப்புகளால் வளம்பெற்றவையே. ஜோன் எவன்ஸ் என்னும் வரலாற்றறிஞரின் நகைகள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கும், ஆன் ஹல் கிரண்டியின் பெருந்தொகுப்பு 1978இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கும் சென்றன. எனவே சேகரிப்பவரைப் பிணந்தின்னும் கழுகெனப் பழிப்பது நன்றியறியாமையாகும். குடும்பத்தார் விற்றதைத்தான் அவர்கள் வாங்கினர்.

இது யாருடைய மயிர்?

பொருளை அறிதல் வேறு. பொருளுக்கு உரியாரை அறிதல் வேறு. ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ (1811) நாவலில் எட்வர்டின் விரலில் மயிர் பதித்த மோதிரம் ஒன்று காணப்படுகிறது. அது இரங்கல் மோதிரமன்று, காதற் சின்னம். ஆயினும் இவ்வகை நகைகளின் இயல்பை அது போல் விளக்குவது பிறிதொன்றில்லை. மேரியான் அதனைக் கண்டு வினவுகிறாள். தன் தமக்கையின் மயிர் என்கிறான் எட்வர்ட். நிறம் சற்று வேறுபடுகிறதே என்றபோது, பதித்த முறையால் அவ்வாறு தோன்றுகிறது என்கிறான். அது எலினருடைய மயிர் என்றே இரு சகோதரியரும் கொள்கின்றனர். எலினர் தான் கொடுத்ததில்லை என்பதை அறிவாள்; தான் அறியாமல் எடுத்திருப்பான் எனத் தேறி உள்ளுக்குள் மகிழவும் செய்கிறாள். உண்மையில் அது லூசி ஸ்டீலின் மயிர். ஒரே மோதிரத்தை மூவர் பார்க்கின்றனர். ஒருவனே உண்மை அறிந்தவன். அவனும் பொய் சொல்கிறான். மயிர் வாய் பேசுவதில்லை.

இவ்வாய்பேசாமை நாவலாசிரியரின் கற்பனையன்று. மயிர் பின்னுவோரிடம் கொடுத்தனுப்பிய கற்றை திரும்பி வரும்போது அதே கற்றைதானா என்னும் ஐயம் அக்காலக் குடும்பங்களை வாட்டியது. சோடா நீரிற் கொதிக்க வைத்து, நீளம் பார்த்துத் தரம் பிரித்து, எடை கட்டி, அச்சின்மேற் பின்னும் அத்தொழிலுக்கு நீண்ட, ஒத்த மயிர் தேவை. நோயுற்று இறந்தவரின் குறைந்த மயிர் போதாதவிடத்து வணிகர் தம்மிடமுள்ளதைக் கலந்துவிடுவர் என்ற பேச்சு பரவியிருந்தது. ஏழைப் பெண்கள் விற்ற கூந்தல் ஐரோப்பியச் சந்தையில் நிறைந்திருந்த காலம் அது. நியூயார்க்கில் 1867இல் மார்க் கேம்பெலும், லண்டனில் 1871இல் அலெக்சானா ஸ்பைட்டும் வெளியிட்ட நூல்களைப் போன்ற கையேடுகள் வீட்டுப் பெண்களிடையே பரவியதற்கு இவ்வச்சமும் ஒரு காரணம். தன் கையாற் பின்னினாலொழிய, தன் குழந்தையின் மயிர்தான் தன் கழுத்தில் உள்ளது என்று ஒரு தாய் உறுதியாக நம்ப இயலவில்லை.

அண்மைக்காலச் சான்று ஒன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. 1827இல் இசைமேதை பீத்தோவன் இறந்தபோது, பதினைந்து அகவையினனான பெர்டினாண்ட் ஹில்லர் வெட்டியெடுத்ததாகக் கூறப்பட்ட கற்றை, கண்ணாடிப் பதக்கம் ஒன்றில் வழிவழியாகக் காக்கப்பட்டது. 1994இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் அதனை ஏலத்தில் வாங்கிப் பின்னர்த் திறப்பித்தனர். அதில் ஈயம் மிகுந்திருந்ததைக் கண்டு, அவர் ஈய நஞ்சால் துன்புற்றார் என்ற முடிபும் பரவியது. 2023இல் எட்டுக் கற்றைகளை மரபணு வழி ஆராய்ந்தபோது அவற்றுள் ஐந்து உண்மையானவை எனக் கொள்ளப்பட்டன. ஹில்லரின் கற்றையோ ஒரு பெண்ணின் மயிர். பெயரும் நாளும் மரபும் சான்றும் எல்லாம் இருந்தும் உள்ளிருந்தவர் வேறொருவர். எலினரின் பிழையை உலகம் பல ஆண்டுகள் செய்துகொண்டிருந்தது. அப்பெண் யார் என வினவியோர் மிகச் சிலரே என்பதையும் குறித்தல் வேண்டும்.

எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ (1847) இதனை மேலும் கூர்மையாக்குகிறது. இறந்துகிடக்கும் கேத்தரினின் கழுத்திலுள்ள லாக்கெட்டைத் திறந்து, அதிலிருந்த எட்கரின் வெளிர்மயிரை எறிந்துவிட்டுத் தன் கருமயிரை வைத்துச் செல்கிறான் ஹீத்கிளிஃப். பணிப்பெண் நெல்லி அதனைக் கண்டு, இரண்டையும் ஒன்றாக முறுக்கி உள்ளே வைத்து மூடுகிறாள். வழக்கமாக இறந்தவரின் மயிரை இருப்பவர் அணிவர். இங்கே இருப்பவர் இருவரின் மயிரை இறந்தவள் அணிந்து மண்ணுக்குள் செல்கிறாள். கணவன் அதை அறியான். உண்மையறிந்தவள் ஒரு பணிப்பெண் மட்டுமே. அவள் சொல்லாதிருந்தால் அந்நகைக்குக் கதையே இல்லை. எந்தச் சேகரிப்பாளரின் கைக்கும் எட்டாத இந்நகையே ஆங்கில இலக்கியத்தின் மிகச் செறிவான இரங்கல் அணி எனத் தோன்றுகிறது.

வெம்மிக்

மேற்கண்ட இரண்டும் பலராலும் ஆராயப்பட்டவை. டிக்கன்ஸின் வெம்மிக்கை மட்டும் திறனாய்வாளர் நகைச்சுவைப் பாத்திரமாகவும், எல்லாவற்றையும் உடைமையாக்கும் வணிக மனத்தின் உருவாகவும் கொண்டு கடந்துவிடுகின்றனர். ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இதழில் தொடராக வந்தது. அரசியின் கைம்மைக் காலம் தொடங்குமுன்னரே முடிந்துவிட்டது.

வழக்கறிஞர் ஜாகர்ஸின் எழுத்தரான வெம்மிக்கை முதன்முறை காணும் பிப், அவன் விரல்களில் நான்கு இரங்கல் மோதிரங்களையாவது காண்கிறான். மார்பில், கல்லறைத் தாழியருகே ஒரு பெண்ணும் வில்லோ மரமும் தீட்டிய ஊசிப் பதக்கம். கடிகாரச் சங்கிலியிலும் மோதிரங்களும் முத்திரைகளும் தொங்குகின்றன. பலரைப் பறிகொடுத்து வாடியவன் போலும் எனப் பிப் கருதுகிறான். எலினர் மயிரைத் தவறாகப் படித்தது போலவே பிப் மோதிரங்களைத் தவறாகப் படிக்கிறான். அவை யாவும் தூக்கு மேடைக்குச் சென்ற கட்சிக்காரர்கள் கொடுத்தவை. அலுவலகச் சுவரிலிருக்கும் சாந்துப் படிமங்கள் இரண்டனுள் ஒன்று, தன் எசமானனைக் கொன்ற ஒருவனின் முகம். அவன் வெம்மிக்குக்கென்றே அப்பதக்கத்தைச் செய்வித்தான். இன்னொருவன் சாவதற்கு முந்திய நாள் ஆள் அனுப்பி மோதிரம் வாங்கித் தந்தான். இவற்றைத் தான் மறுப்பதில்லை என்கிறான் வெம்மிக். அரும்பொருள்கள், உடைமைகள், எடுத்துச் செல்லத்தக்க உடைமைகள் என்பது அவனுடைய கணக்கு.

பதக்கத்திலுள்ள பெண் யார் எனப் பிப் வினவுகிறான். எவளும் இல்லை, அவனுடைய விளையாட்டு என்பது விடை. அவன் வாழ்வில் ஒருத்தி இருந்தாள். ஆனால் அவள் இப்படி மெலிந்த சீமாட்டியும் அல்லள். அத்தாழியில் குடிக்க ஏதேனும் இருந்தாலன்றி அதன் அருகே நின்றிருக்கவும் மாட்டாள் என வெம்மிக் கூறும்போது வாசகர் சிரிக்கின்றனர். சிரிப்பு அடங்கியபின் எஞ்சுவது வேறு. ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்ட அந்த அழும் பெண் ஓர் அச்சு. அழுவதற்கு ஆளில்லாத ஒருவன் அவ்வச்சை விலைகொடுத்து வாங்குகிறான். அணிவதற்கு ஆளில்லாததால், தன்னைக் காக்க இயலாதுபோன வழக்கறிஞரின் எழுத்தனிடம் கொடுக்கிறான்.  நியூகேட் சிறையில் பின்னர் வரும் காட்சியில், சாவு உறுதியான கள்ளநாணயக்காரன் ஒருவன், பிடிபட்டபோது தன்னிடமிருந்த பணம் மெய்யானதாக இருந்திருந்தால் இன்னுமொரு மோதிரம் அணியுமாறு வேண்டியிருப்பேன் என்கிறான். இக்கூற்றில் நகைச்சுவையும் துயரமும் ஒரே சொல்லில் தங்கியுள்ளன. டிக்கன்ஸின் ஆற்றல் அது.

எனவே வெம்மிக்கின் பேராசை என்னும் கருத்து பாதி உண்மையே. வால்வொர்த்தில் அவன் வீட்டிலும் ஒரு தொகுப்பு உள்ளது: புகழ்பெற்ற பொய்க்கையெழுத்தை இட்ட பேனா, சவரக் கத்திகள், மயிர்க்கற்றைகள், சாவின் விளிம்பில் எழுதிய ஒப்புதல்கள். எந்தப் பொருள் எவனுடையது என அவன் அறிவான். படிமங்களைப் பெயர்போல் விளித்துப் பேசவும் செய்கிறான். உலகம் மறக்க விரும்பிய மனிதர்களை ஒருவனேனும் மோதிரம் மோதிரமாக நினைவில் வைத்திருக்கிறான். அவன் அழவில்லை; ஆயினும் அணிந்திருக்கிறான். அழுகை இல்லாத இரங்கல் இரங்கலாகுமா என்பதே டிக்கன்ஸ் எழுப்பும் வினா. சடங்குத் துயரின் படாடோபத்தைத் தம் உயிலிலேயே வெறுத்தொதுக்கி, தம் இறுதிச் சடங்கில் கருந்துணிக் கோலங்கள் எவையும் கூடாதென விதித்த அவர், இவ்வினாவுக்கு எளிய விடை தராமல் விட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

தொகுப்பும் நினைவும்

சூசன் ஸ்டூவர்ட் 1984இல் வெளியிட்ட ‘ஆன் லாங்கிங்’ என்னும் நூலில் நினைவுப்பொருளையும் தொகுப்புப்பொருளையும் வேறுபடுத்துகிறார். நினைவுப்பொருள் உடையவரின் வாழ்வோடு ஒட்டியது. தொகுப்போ தோற்றத்தை மறக்கச் செய்து, வகைப்பாட்டை அதனிடத்தில் அமர்த்துவது. பெரும்பான்மை இரங்கல் நகைத் தொகுப்புகளுக்கு இது பொருந்தும். 1790ஆம் ஆண்டு வெள்ளை எனாமல் மோதிரம் ஒன்றைப் பெற்றவர், அடுத்து 1780ஆம் ஆண்டினதைத் தேடுகிறார். இறந்த குழந்தை அங்கு ஒரு வகைமாதிரி. ஆனால் வெம்மிக் இப்பிரிவில் எந்தப் பக்கமும் அடங்கவில்லை. சேகரிப்பவனும் நினைவில் வைத்திருப்பவனும் அவனே. ஸ்டூவர்ட்டின் கோடு வேண்டுமளவினும் மிக அழுத்தமாக வரையப்பட்டுள்ளது என்றே கூற வேண்டும்.

வால்ட்டர் பெஞ்சமின், பயன்பட்டே ஆகவேண்டும் என்னும் கடமையிலிருந்து பொருளைச் சேகரிப்பவர் விடுவிக்கிறார் என்ற கருத்தினர். நூல்களுக்கும் பொம்மைகளுக்கும் இது அழகாகப் பொருந்தும். இரங்கல் அணிக்குப் பொருந்துமா? அதன் பயன் அணிதலில் இல்லை. இன்னார் இன்னாரை இழந்தார் என்பதை அறிந்து அணிவதில் உள்ளது. அவ்வறிவு அற்றுப்போன பின்னரே அது சந்தைக்கு வருகிறது. சேகரிப்பவர் விடுவிப்பதற்கு அங்கு எதுவும் எஞ்சியிருப்பதில்லை. பெயர் பொறித்த நகைகள் மிகுவிலை பெறுவதும், பெயரற்றவற்றுக்கு வணிகர் கதை புனைவதும், வெற்று லாக்கெட்டில் எங்கிருந்தோ ஒரு மயிரை நுழைப்பதும், காதலுக்கும் நட்புக்கும் கொடுத்த மயிர் நகைகளையெல்லாம் இரங்கல் என விற்பதும் அவ்வெறுமையை நிரப்பும் முயற்சிகளே.

சில ஆண்டுகளுக்கு முன் கொல்கத்தாவின் ரஸ்ஸல் தெருப் பக்கத்திலுள்ள பழம்பொருட் கடை ஒன்றில் இக்கட்டுரையாளர் அத்தகைய பதக்கம் ஒன்றைக் கண்டார். முன்புறம் கருநிற எனாமல். பின்புறக் கண்ணாடியின்கீழ் இருவேறு நிற மயிர்கள், மங்கிய பொன்னிறமும் நரையும், ஒரே சுருளாகச் சேர்ந்திருந்தன. எழுத்தேதும் இல்லை. பார்க் தெருக் கல்லறையில் உறங்குவோரின் நகரத்தில் அதற்கு ஒரு கதை கட்டுவது எளிது. கடைக்காரர் கட்டவில்லை. அவர் கூறியது, வேண்டுமானால் மயிரை எடுத்துவிட்டுத் தருகிறேன், படம் வைத்துக்கொள்ளலாம், பலர் அப்படித்தான் கேட்கின்றனர் என்பதே. அருவருப்பால் இவ்வாறு மயிர் நீக்கப்பட்ட நகைகள் எண்ணற்றவை. எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, வாங்காமல் வந்தது சரியா தவறா என இன்றளவும் தெளிவு பிறக்கவில்லை. வாங்கியிருந்தால் அச்சுருள் தப்பியிருக்கும். வாங்குவதற்கு உரிமை உண்டா என்னும் ஐயமே அன்று தடுத்தது. இப்போது அந்த ஐயம் சற்று மிகையோ எனத் தோன்றுகிறது. வெம்மிக் தயங்கியிருக்க மாட்டான்.

களைந்த அணிகள்

இனித் தமிழ்ப் பாடல்களுக்குத் திரும்பலாம். நகையின் உள்ளிருப்பது எதுவென்பதில் உயிர்கள் தங்கியிருக்கும் கதை நம்மிடமும் உண்டு. கண்ணகியின் சிலம்பு மாணிக்கப் பரலுடையதா, முத்துப் பரலுடையதா என்பதே வழக்கு. வெளித்தோற்றத்தால் இரண்டும் ஒன்று போலிருக்க, உடைத்தபின்தான் உண்மை தெறிக்கிறது. மயிர்ப் பதக்கமும் அவ்வாறே தன் உண்மையை உள்ளே வைத்துள்ளது. உடைத்துப் பார்க்கச் சேகரிப்பவர் உடன்படார், உடைத்தாலும் மயிர் பெரும்பாலும் பேசாது. கண்ணகிக்குச் சிலம்பு சான்றானபின் பொருளாகத் தேவைப்படவில்லை. மதுரையை நீங்குமுன் கொற்றவை கோயில் வாயிலில் வளையையும் உடைத்துச் செல்கிறாள். தொகுப்பதற்கு ஒன்றும் எஞ்சாமற் செய்துவிட்டுப் போகும் பெண் அவள்.

மேற்கண்ட புறநானூற்றுப் பாடல்கள் மகளிர் அப்படி உடைத்ததாகக் கூறவில்லை. களைந்தனர் என்ற அளவில் நிற்கின்றன. களைந்தவை எங்குச் சென்றன? உரையாசிரியர்கள் இதனை வினவவில்லை. சங்ககால அணிகலன்களைப் பட்டியலிட்ட நம் ஆய்வுகளும் வினவவில்லை. எத்தனை வகைத் தொடி, எத்தனை வகைக் குழை என எண்ணிய நாம், அணிந்த நிலையை மட்டுமே எண்ணியுள்ளோம். பிற்கால வழக்கில் களைந்த தாலிப்பொன் பெரும்பாலும் உருக்கப்பட்டு வேறு நகையாகிறது, அல்லது கோயில் உண்டியலைச் சேர்கிறது. உருகிய பொன்னில் யாருடைய துயரமும் தங்குவதில்லை. தமிழ்நாட்டில் இரங்கல் நகைச் சேகரிப்பு என ஒன்று தோன்ற வழியில்லாமற் போனதற்கு இதுவே காரணமாகலாம். அணிந்தவளின் கூந்தலும் அவ்வாறே சுவடின்றிப் போயிற்று. இங்கிலாந்தில் இறந்தவனின் மயிர் காக்கப்பட்டது. நம் பாடல்களில் உயிரோடிருப்பவளின் மயிர் இழக்கப்பட்டது. எது கொடிது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் இழந்தவற்றின் கணக்கை எவரும் எழுதவில்லை என்பதை நாம் சொல்லியாக வேண்டும்.

எழுதப்பட்ட கணக்குகள் சில இல்லாமலும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் கொடையாக வந்த அணிகளை எடையோடும் மணிகளின் எண்ணிக்கையோடும் கொடுத்தவர் பெயரோடும் குறிக்கின்றன. அங்கேதான் இராசராசனின் தமக்கை குந்தவை, பொன்மாளிகையில் துஞ்சிய தன் தந்தைக்கும் தன் தாய்க்கும் செப்புத் திருமேனிகள் எடுப்பித்து, அவற்றின் வழிபாட்டுக்குப் பொருளும் வைத்தாள். கோயிலுக்கு வந்த பெண்களின் கொடைகளுள் கைம்பெண்கள் தந்தவை எவை, அவை அவர்கள் ஒருகாலத்தில் அணிந்திருந்தவையா என்னும் நோக்கில் அக்கல்வெட்டுகளைத் தொடர்ந்து படித்துப் பார்க்கலாம்.